அரச கிளவுட்டின் கூரையை யார் வேய்வது?

1977, 1983 வன்செயல்களின் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு ஓடிவந்த குடும்பங்கள் பல 2009இல் மறுபடியும் எல்லாவற்றையும் இழந்தன. பிறப்புச் சான்றிதழும் அதில் போனது. எல்கடுவத் தோட்டமொன்றில் பிறந்து இன்று கிளிநொச்சியில் இருப்பவர், பிரதிக்காக மாத்தளைவரை போகவேண்டியிருந்தது. பதிவேடு ஸ்கேன் செய்யப்பட்டிருந்தால் இப்போது அருகிலுள்ள பிரதேச செயலகத்திலேயே பெறலாம். நல்ல மாற்றம்தான். ஆனால் அது எதன்மேல் நிற்கிறது?

அரச இணைய சேவைகள் பலவும் இன்று அரச கிளவுட்டை நம்பியுள்ளன. கிளவுட் என்பது ஏறக்குறைய ஒரு லயன். ஒரே பெரிய சேர்வரை மென்பொருளால் தடுத்து, பல மெய்நிகர் கணினிகளாக்கி, திணைக்களங்களுக்கு அறை அறையாகக் கொடுப்பது. கூரை பொது. அது ஒழுகினால் எல்லா அறைக்கும் ஒழுகும், ஆனால் வேய்வது குடியிருப்பவரின் வேலையல்ல.

இந்தக் கூரை அசையாமல் இருப்பதுமில்லை. லினக்ஸின் கேர்னல் புதிதானால், விஎம்வெயார் வேர்க்ஸ்டேஷன் அதனுடன் பேசுகின்ற சிறு நிரல்களையும் புதிதாக்க வேண்டும். தவறினால் மெய்நிகர் கணினி எழும்பாது. அதற்குள் ஓடும் இயங்குதளத்துக்கும் மின்னஞ்சல் மென்பொருளுக்கும் தனித்தனிக் காலாவதித் திகதிகள். ஒன்றை மாற்றினால் மற்றது குழம்பும் என்ற பயத்தில், ஓடுவதைத் தொடாமல் விடுவதே பல அலுவலகங்களின் பழக்கம்.

அதன் விலையை 2023 ஓகஸ்டில் பார்த்தோம். ரான்சம்வெயார் தாக்குதலில் அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் மீளவில்லை. அக்காலத்துக்குரிய, வலையமைப்புக்கு வெளியே வைத்த காப்புப் பிரதி இருக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013. அதற்கான ஆதரவை நிறுவனம் அந்த ஏப்ரலிலேயே நிறுத்தியிருந்தது. 2021 முதல் புதுப்பிக்கத் திட்டமிட்டும் நிதித் தட்டுப்பாட்டால் தாமதமானதாக ஐ.சி.டி.ஏ. விளக்கமளித்தது. கட்டடம் திறக்க நாடா வெட்டுவோர் உண்டு, பராமரிப்புக்கு வெட்ட நாடா இல்லையே.

நிதிச் சிக்கல் இனிக் குறையப் போவதில்லை. 2023 நவம்பரில் விஎம்வெயாரை வாங்கிய புரோட்கொம், அடுத்த மாதமே நிரந்தர உரிம விற்பனையை நிறுத்திச் சந்தா முறைக்கு மாற்றியது. அதன் கட்டண உரிமத்தைப் புதிதாக எடுப்போர் தொடர்ந்து சந்தா கட்ட வேண்டும். கேவிஎம் போன்ற திறந்த மென்பொருளுக்கு உரிமக் கட்டணமில்லை. என்றாலும் அதைப் பராமரிக்க ஆள் வேண்டும், 2022 நெருக்கடியில் வெளியேறியோரில் அத்தகைய பொறியியலாளர்களும் அடக்கம்.

இந்திய மானியத்துடன் டிஜிட்டல் அடையாள அட்டைத் திட்டமும் வருகிறது. பெயரில் ஓரெழுத்து மாறினாலே ஊழியர் சேமலாப நிதிக்கு அலைகின்ற தோட்டத் தொழிலாளிக்கும், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைக்காக ஆவணங்களோடு அலுவலகம் அலுவலகமாக ஏறும் தாய்க்கும், “சிஸ்டம் இல்லை, நாளைக்கு வாங்க” என்பது ஒருநாள் சம்பளம். ஆகவே நமது உறுப்பினர்கள் அட்டை எப்போது வரும் என்று மட்டும் கேட்டால் போதாது. ஆண்டுதோறும் பராமரிப்புக்கு எவ்வளவு ஒதுக்கப்படுகிறது, வலையமைப்புக்கு வெளியே காப்புப் பிரதி எத்தனை நாளுக்கொருமுறை எடுக்கப்படுகிறது, ஸ்கேன் செய்து முடித்த பழைய கடதாசிப் பதிவேடுகள் மாத்தளையிலும் வன்னியிலும் எந்த நிலையில் இருக்கின்றன என்பவற்றை பாராளுமன்றத்தில் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்க வேண்டும்.