ஆட்ட இசைக்கு நேரு பூங்கா திறக்குமா?

தில்லி சாணக்யபுரியின் நேரு பூங்காவில், வெயில் தணிந்த மாதங்களில் கச்சேரி கேட்கக் காசு வேண்டாம். ஸ்பிக் மேகே அமைப்பும் புது தில்லி முனிசிபல் கவுன்சிலும் சேர்ந்து நடத்தும் பூங்கா இசை நிகழ்ச்சிகளில் சாஸ்திரிய இசையின் பெருங்கலைஞர்களைப் புல்தரையில் உட்கார்ந்து கேட்கலாம். பக்தி உத்சவ் விழாவும் அங்கே நடந்திருக்கிறது. இந்தியக் கலாசார உறவுகளுக்கான மன்றம் தனது சர்வதேச ஜாஸ் விழாவையும் அதே புல்வெளிக்குக் கொண்டுவந்தது. ஆனால், தில்லியிலேயே பிறந்து வளர்ந்த மின்னணு ஆட்ட இசையைக் கேட்க வேண்டுமென்றால் அதே சுற்றுவட்டாரத்தின் நட்சத்திர ஓட்டல்களுக்குள்தான் நுழைய வேண்டும். இந்தப் பாகுபாடு ஒரு நல்ல இசைமரபை எவ்வளவு குறுக்கியது என்பதற்கு ‘மிடிவல் பண்டிட்ஸ்’ இரட்டையரின் பயணமே சான்று.

கௌரவ் ரெய்னா, தபன் ராஜ் என்ற இரு தில்லி நண்பர்கள் 1997-இல் தொடங்கிய குழு அது. அதே ஆண்டில் லண்டனில் தபலா கலைஞர் தல்வின் சிங் ‘அனோகா’ இசைத்தொகுப்பை வெளியிட்டார். புலம்பெயர்ந்த தெற்காசியப் பிள்ளைகளின் புதுச்சத்தம் உலகின் காதில் விழுந்தது. 1999-இல் அவருடைய ‘ஓகே’ தொகுப்பு பிரிட்டனின் மெர்க்குரி பரிசைப் பெற்றது. லண்டனில் இருந்தவர்களுக்குத் தபலாவும் சாரங்கியும் பெற்றோர் விட்டுவந்த ஊரின் நினைவு. தில்லிக்காரர்களுக்கோ அது பக்கத்துத் தெருவில் கேட்பது. இந்த வித்தியாசம் இவர்கள் இசையில் நன்றாகத் தெரியும். ஆலாபனையின் நிதானத்தை அவசரப்படுத்தாமல், அதன் அடியிலேயே கனத்த தாளத்தை ஓடவிடுவார்கள். ஒலியைக் கணினியில் அடுக்கியவர்கள் என்பதற்காக இதைப் பொத்தான் தட்டும் வேலை என்று ஒதுக்குவது பெரிய அநியாயம். எந்த இடத்தில் தாளத்தை நிறுத்தினால் கூடியிருப்பவர்களின் மூச்சு நிற்கும், எத்தனை ஆவர்த்தனம் கழித்து அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற கணக்கு, தனி ஆவர்த்தனம் வாசிக்கும் மிருதங்கக்காரர் போடும் கணக்குக்குச் சற்றும் இளைத்ததல்ல.

இதை எங்கே வாசிப்பது? அன்றைய தில்லியில் ஆட வேண்டுமென்றால் ஓட்டல் டிஸ்கோதான். மௌரியா ஓட்டலின் ‘குங்ரூ’ ஒரு தலைமுறைக்கே தெரிந்த பெயர். அத்தகைய இடங்கள் ஊரறிந்த பாட்டுகளையே நம்பியிருந்தன; அறிமுகமில்லாத இசைக்கு அங்கே என்ன வேலை? ஆகவே இரட்டையர் ‘சைபர் மெஹ்ஃபில்’ என்ற பெயரில் தாங்களே விருந்திரவுகளை நடத்தினார்கள். கேட்பவர் கலைஞருக்கு அருகில் இருந்து, ஆளுக்கு ஆள் முகம் தெரிந்து ரசிக்கும் பழைய தில்லியின் கூடுகை முறையை ஆட்டக்களத்துக்குக் கொண்டுவந்தது அருமையான யோசனை. ஆனால் மெஹ்ஃபிலின் பலவீனமும் கூடவே வந்தது. அழைப்பு இல்லாதவருக்கு அங்கே இடமில்லை.

பிறகு கதவுகள் திறந்தன, ஆனால் வெளிநாட்டுப் பக்கமாக. தில்லிக் கல்யாண வீடொன்றைக் காட்டி வெனிஸில் தங்கச் சிங்கம் வென்ற மீரா நாயரின் ‘மான்சூன் வெட்டிங்’ (2001) படத்தில் இவர்களுடைய ‘ஆஜா சவரியா’ இடம்பெற்றது. சான் ஃபிரான்சிஸ்கோவின் சிக்ஸ் டிகிரீஸ் நிறுவனம் 2002-இல் முதல் தொகுப்பை வெளியிட்டது. 2005-இல் ‘மிடிவல் டைம்ஸ்’, 2009-இல் ‘ஹலோ ஹலோ’, 2015-இல் ‘லைட்’. நடுவில் கர்ஷ் காலேயுடன் சேர்ந்து ‘கார்த்திக் காலிங் கார்த்திக்’ (2010) படத்துக்குப் பின்னணி இசை. பதின்மூன்று ஆண்டுகளில் நான்கு தொகுப்புகள். திறமைக் குறைவால் வந்த இடைவெளியாக இதை நான் நினைக்கவில்லை. சொந்த ஊரில் ஆயிரக்கணக்கானவர்கள் வாராவாரம் கேட்டு, ஆடி, பிடித்ததையும் பிடிக்காததையும் முகத்துக்கு நேரே காட்டும் களம் இருந்தால்தான் ஆட்ட இசை வேகமாக வளரும். இவர்களுக்குக் கிடைத்ததோ வெளிநாட்டுக் கடைகளில் உலக இசை என்ற அலமாரியும், உள்ளூரில் ஓட்டல் மேடையும்.

தமிழில் இதற்கு நேர்மாறான ஓர் இரட்டையர் கதை உண்டு. ஆதியும் ஜீவாவும் சேர்ந்த ‘ஹிப்ஹாப் தமிழா’, 2011-இல் பண்பலை வானொலியில் பாடிய ‘கிளப்புல மப்புல’ யூடியூப் வழியே பரவி, பட்டிதொட்டியெல்லாம் போய்ச் சேர்ந்தது. 2015-இல் ‘ஆம்பள’ படத்தின் இசையமைப்பாளர்கள்; 2017-இல் ‘மீசைய முறுக்கு’ படத்தை ஆதியே இயக்கி நடித்தார். ‘கிளப்புல மப்புல’ இளம்பெண்களுக்கு ஒழுக்கப் பாடம் எடுத்ததை நான் ஏற்கவில்லை. அதை அப்போதே பலர் கண்டித்தார்கள். ஆனால் சீட்டு வாங்காத, ஓட்டல் வாசலை மிதிக்காத ரசிகர் அவர்களுக்குக் கிடைத்தார் என்பதை மறுக்க முடியாது. குத்துப்பாட்டைத் திருவிழாவிலும் கல்யாண ஊர்வலத்திலும் தெருவில் ஆடிப் பழகிய சமூகம் அது. கொட்டுக்குப் பொதுவெளியில் உரிமை உண்டு என்பதைத் தமிழருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நேரு பூங்காவிலும் ஆட்ட இசைக்கு இடம் வேண்டும் என்று கேட்டதும் எழும் முதல் ஆட்சேபம் சத்தம். நியாயமானது, தூதரகங்களும் குடியிருப்புகளும் உள்ள பகுதி அது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. மூடிய அரங்குகளுக்கு விலக்கு உண்டு. ஆட்ட இசை நள்ளிரவுச் சரக்காக மாறி ஓட்டலுக்குள் அடைந்ததற்கு இந்த விதியும் ஒரு காரணம். அதே விதிகள், பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 மணி வரை தளர்வு தரவும் மாநில அரசுக்கு இடம் கொடுக்கின்றன. என் கோரிக்கைக்கு அந்தத் தளர்வுகூடத் தேவையில்லை. குளிர்கால மாலை 5 மணிக்குத் தொடங்கி 9 மணிக்கு முடித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது ஆட்சேபம் குடி. தில்லியில் மது அருந்தும் சட்டப்படியான வயது 25. அதனால் வாக்குரிமை பெற்ற கல்லூரி மாணவரைக்கூட வாசலிலேயே திருப்பி அனுப்பும் விடுதிகள் பல. ஆட்ட இசைக்கு இயல்பான வயதுக்காரர்களையே வெளியே நிறுத்திவிட்டு, மது விற்பனையை நம்பி அந்த இசையை நடத்துகிறோம். மது இல்லாத பூங்காவில் அவர்கள் வரலாம். தனியாக வரும் ஆணைச் சந்தேகித்து, ஜோடியாக வருபவரையே உள்ளே விடும் விடுதி விதியும் அங்கே தேவைப்படாது. நள்ளிரவில் வீடு திரும்புவது எப்படி என்று கணக்குப் போடாமல் பெண்கள் ஆடிவிட்டு மெட்ரோவில் போகலாம்.

ஜாஸும் ஒரு காலத்தில் இரவு விடுதியில் ஆடுவதற்கான இசைதான். கண்ணியமற்றது என்று ஏச்சு வாங்கிய அதை, இன்று அரசு அமைப்பே பூங்காவுக்கு அழைக்கிறது. அந்தப் பெருந்தன்மை உள்ளூர்ப் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும். முனிசிபல் கவுன்சில் அடுத்த பருவத்தின் நிகழ்ச்சி நிரலில் ஒரு மாலையை மின்னணு இசைக்கு ஒதுக்கட்டும். சாரங்கிக்காரர் ஒருவரும், டோல் வாசிக்கும் பஞ்சாபிக் குழுவொன்றும், சென்னையிலிருந்து பறைக் கலைஞர்களும் மேடையேறட்டும். முதல் அழைப்பு கௌரவ் ரெய்னாவுக்கும் தபன் ராஜுக்கும் போகட்டும்.