இழுத்துப் பார்த்து வாங்குங்கள்!

கம்ப்யூட்டரில் பூப்போட்ட லைக்ரா துணி, நாற்காலி உறையிலிருந்து குழந்தை கவுன் வரை வந்துவிட்டது. கண்ணைப் பறிக்கிற கலர்தான்! வாங்குமுன் நன்றாக இழுத்துப் பாருங்கள், சகோதரிகளே. பூவுக்குள் வெள்ளை பல்லிளித்தால் சாயம் மேலோடுதான் நிற்கிறது.

பாலியெஸ்டர் லைக்ரா உறைகளுக்குச் சரி. கைக்குழந்தைக்கு வேண்டவே வேண்டாம், வேர்வையை உறிஞ்சாது. என் நாத்தனார் பேரனுக்கு அதைப் போட்டு, பாவம், கழுத்தெல்லாம் வேர்க்குரு! நூறில் 95 பங்கு பருத்தி, 5 பங்கு லைக்ரா என்று கேட்டு வாங்குங்கள். அது சுருங்கும், நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டணும். இழுபடும் பக்கம் உடம்பைச் சுற்றி வரட்டும். முனை மழுங்கிய பால்பாயிண்ட் ஊசியில் ஜிக்ஜாக் தையல் போடுங்கள். சாதாரண ஊசி இழையை அறுத்து ஓட்டை போட்டுவிடும். பிளீச்சிங் பவுடர் பக்கமே போகாதீர்கள், லைக்ராவின் இழுவை செத்துப் போய்விடும்.