மூட்டுவலிதானே என்று இருந்துவிடாதீர்கள்



சென்ற ஆண்டு ஒரு சகோதரி தம் கணவரோடு என் அலுவலகத்திற்கு வந்தார். வயது 38. தொழிற்சாலை ஆப்பரேட்டர். ஒன்பது ஆண்டுகளாக லூபஸ் நோய். ஓர் இரவு ஷிப்டில் நெஞ்சு அழுத்தி, முதுகு வரை வலித்திருக்கிறது. கிளினிக்கில் "கேஸ்டிரிக்" என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் பெரிய ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்றார்கள்.

அவர் என்னிடம் வந்தது அதற்காக அல்ல. வேலையிடத்தில் ராஜினாமா கடிதத்தை நீட்டியிருக்கிறார்கள், கையெழுத்துப் போடலாமா என்று கேட்கத்தான் வந்தார். பேச்சுவாக்கில், "இந்த நோயால ஹார்ட்டும் கெடும்னு ஒன்பது வருசமா எனக்குத் தெரியாது சார்" என்றார். எனக்கும் தெரியாது. அதன் பிறகுதான் தேடிப் படித்தேன். நான் டாக்டர் அல்ல, படித்ததைச் சொல்கிறேன்.

லூபஸ், ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ் எனப்படும் முடக்குவாதம் போன்றவை, நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே நம் உடலைத் தாக்கும் நோய்கள். மூட்டு வீங்குவது கண்ணுக்குத் தெரிகிறது. அதே அழற்சி இரத்தக் குழாயின் உட்சுவரையும் அரிப்பது தெரிவதில்லை. அங்கே கொழுப்பு சீக்கிரம் படிகிறது. நோயை அடக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையும், நாள்பட்டால், இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஏற்றிவிடும். (இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவது அதைவிட ஆபத்து.)

இது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. லூபஸ் நோயாளிகள் பல ஆண்டுகள் கழித்து இதய நோயால் இறக்கிறார்கள் என்று கனடாவின் டொரோண்டோ மருத்துவர்கள் 1976-லேயே எழுதினார்கள். 1997-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, 35 முதல் 44 வயது வரையுள்ள லூபஸ் பெண்களுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு அதே வயதுள்ள மற்ற பெண்களைவிட 50 மடங்குக்கும் மேல் என்றது. பயப்படாதீர்கள். அந்த வயதில் பெண்களுக்கு மாரடைப்பு மிக அரிது, அதனால்தான் மடங்கு இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. முடக்குவாதத்திற்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. 2022-இல் பிரிட்டனில் 2 கோடியே 20 லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்த ஆய்வும் இதே பக்கம்தான் நின்றது. அதில் லூபஸுக்கு இதய, இரத்தக் குழாய் நோய் வாய்ப்பு மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைவு.

நம் நாட்டில் சர்க்கரை நோய் அதிகம் உள்ள இனம் நாம்தான். அதன் மேல் இதுவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, கடையில் வாங்கும் ஜாமு. "ரெண்டு நாள்ல வலி போயிடுச்சு" என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்வார். ஏன் போகாது? டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைத் திருட்டுத்தனமாகக் கலந்த ஜாமு பற்றி நம் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு என்.பி.ஆர்.ஏ. எத்தனையோ முறை எச்சரித்துவிட்டது. பாக்கெட்டில் 'மால்' பதிவு எண் இல்லையென்றால் தொடவே தொடாதீர்கள்.

இப்போது என் கோபத்திற்கு வருகிறேன். அரசாங்கம் நடத்தும் இலவசப் பரிசோதனைத் திட்டங்களில் இரண்டைப் பாருங்கள். ஒன்று 2019-இல் வந்த பெக்கா பி40, மற்றொன்று சொக்சோ 2013-இல் தொடங்கிய பரிசோதனை. இரண்டும் நல்ல திட்டங்கள்தான். இரண்டுக்கும் 40 வயது ஆகியிருக்க வேண்டும். லூபஸ் பெரும்பாலும் இளம் பெண்களுக்கு வரும் நோய். 38 வயதில் மாரடைப்பு வந்த பெண்ணிடம் இன்னும் இரண்டு ஆண்டு பொறுத்து வா என்று சொல்வது எந்த ஊர் நியாயம்? இந்த நோய் உள்ளவர்களுக்கு மட்டுமாவது வயது வரம்பை எடுக்க வேண்டும். உங்கள் தொகுதி எம்.பி.யிடம் கேளுங்கள்.

அது நடக்கும்வரை, அடுத்த அப்பாயின்மெண்டில் நீங்களே வாய் திறந்து கேளுங்கள்: "டாக்டர், என் பிரஷர், சர்க்கரை, கொலஸ்ட்ரால் எவ்வளவு?" மலாயில் கேட்டாலும் சரி, தமிழில் கேட்டாலும் சரி, எண்களை நோட்டில் எழுதி வையுங்கள். வீட்டில் புகைப்பவர் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். நெஞ்சு அழுத்தினால், மூச்சு வாங்கினால், "எனக்கு லூபஸ் இருக்கிறது, இ.சி.ஜி. எடுங்கள்" என்று சொல்லுங்கள். கேஸ்டிரிக் மாத்திரையோடு வீட்டுக்குத் திரும்பாதீர்கள்.

கடைசியாக அந்த ராஜினாமா கடிதம். போடக்கூடாது என்றேன். நோய் நிரந்தரமாகி, வழக்கமான சம்பாத்தியத்தில் மூன்றில் ஒரு பங்குகூட ஈட்ட முடியாமல் போனால், 60 வயதுக்குட்பட்ட தொழிலாளி சொக்சோவில் இயலாமை ஓய்வூதியம் கேட்கலாம். விண்ணப்பத்திற்கு முந்தைய 40 மாதங்களில் 24 மாதச் சந்தா இருந்தால் முழு ஓய்வூதியத்திற்குத் தகுதி உண்டு. வேறு கணக்குகளும் உண்டு, இதுதான் எளிது. "சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தால், 16 மாதம் தாண்டியதும் இந்தக் கணக்கு கைநழுவிவிடும். இப்படி இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தச் சகோதரி கையெழுத்துப் போடவில்லை. அவர் விண்ணப்பம் இப்போது மருத்துவ வாரியத்தின் முன் இருக்கிறது.