மை ஹவுஸ்: 5க்கு 5

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பவர்கள் அவசியம் படியுங்கள்.

போன வாரம் என் பேத்தி ஓர் ஒர்க்ஷீட்டோடு வந்தாள். ஒன்றாம் வகுப்பு. ஒரு வீட்டின் படம், அதன் பாகங்களுக்கு ஆங்கிலத்தில் பெயர் எழுத வேண்டும். ரூஃப், டோர், விண்டோ எல்லாம் எழுதிவிட்டாள். மிச்சம் இருந்தவை சிம்னி, ஆட்டிக், ஃபயர்பிளேஸ். "சிம்னி எனக்குத் தெரியும் பாட்டி, அடுப்புக்கு மேல இருக்குமே, புகையை இழுக்குமே" என்றாள். எனக்குத் தெரிந்த சிம்னி மண்ணெண்ணெய் விளக்கின் கண்ணாடி. படத்திலோ கூரைக்கு மேலே செங்கல்லில் ஒரு புகைக்கூண்டு நின்றது. அதை அவளும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. மதிப்பெண் அதற்குத்தான்.

இதைச் சிரித்துவிட்டு மறந்திருப்பேன். ஆனால் 2018 நினைவுக்கு வந்துவிட்டது.

அந்த வருஷம் நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. டெல்டாவில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அப்போது நான் ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுத்துக்கொண்டிருந்தேன். அரையாண்டுத் தேர்வில் "மை ஹவுஸ்" பற்றி 5 வாக்கியம் எழுதச் சொல்லிக் கேள்வி. ஜூலை மாதமே நான் சொல்லச் சொல்ல எழுதி, மனப்பாடம் செய்த வாக்கியங்கள்தான்: "மை ஹவுஸ் இஸ் பிக். இட் ஹாஸ் எ ஹால், எ கிச்சன் அண்ட் டூ பெட்ரூம்ஸ். தேர் இஸ் எ கார்டன் இன் ஃப்ரன்ட் ஆஃப் இட். வீ கீப் இட் கிளீன். ஐ லவ் மை ஹவுஸ்." ஏறக்குறைய வகுப்பு முழுவதும் அதையே எழுதியிருந்தது. ஒரு பையன் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாமல் எழுதியிருந்தான். 5க்கு 5 போட்டு, பக்கத்தில் "வெரி குட்" என்றும் எழுதினேன்.

விடுமுறையில் நாங்கள் சில ஆசிரியர்கள் அரிசியும் போர்வையும் எடுத்துக்கொண்டு பிள்ளைகளின் தெருக்களுக்குப் போனோம். அந்தப் பையனின் வீடும் அங்கேதான். இடுப்பளவு மண்சுவர் நின்றது. கூரை இல்லை. நாலு மூங்கில் நட்டு மேலே தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். அவன் ஓடி வந்து, "வாங்க டீச்சர், உக்காருங்க" என்று ஒரு சாக்கை விரித்தான். உட்கார்ந்தேன். "டூ பெட்ரூம்ஸ்" என்று அவன் எழுதியதும், நான் போட்ட சிவப்பு டிக்கும் கண்முன் வந்தன. அவன் பொய் எழுதவில்லை, நான் எழுதச் சொன்னதை எழுதினான். என் பிள்ளைகள் எந்த வீட்டிலிருந்து வருகிறார்கள் என்று தெரிந்துகொண்டே, வருஷா வருஷம் இன்னொருவர் வீட்டை அவர்களை எழுத வைத்தது நான்தான்.

ஜனவரியில் பள்ளி திறந்ததும் கரும்பலகையில் இரண்டே தொடர் எழுதினேன். "தேர் வாஸ்." "தேர் இஸ்." முன்பு இருந்தது ஒன்று, இப்போது இருப்பது ஒன்று சொல்லுங்கள் என்றேன். உங்கள் வீட்டைப் பற்றித்தான் என்றில்லை, மாட்டுக்கொட்டகையாக இருக்கலாம், பாட்டி வீடாக இருக்கலாம், தெருமுனையாக இருக்கலாம். முதலில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு பெண் எழுந்தாள். "தேர் வாஸ் எ கோகனட் ட்ரீ. நவ் தேர் இஸ் எ ஹோல்." சாக்கு விரித்த பையன், "தேர் வாஸ் 11 ட்ரீஸ் பிஹைண்ட் மை ஹவுஸ். நவ் தேர் இஸ் 2" என்றான். பன்மைக்கு "வேர்", "ஆர்" வர வேண்டும் என்று அன்று சொல்லிக்கொடுத்தேன். காரணம் புரிந்து கற்றுக்கொண்டார்கள். அன்றைய நோட்டுகளில் பிழைகள் நிறைய. ஆனால் ஒரு நோட்டில் இருந்தது இன்னொரு நோட்டில் இல்லை.

இலக்கணம் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழில் "இருக்கு" என்ற ஒரே சொல்லை வைத்து நாம் எவ்வளவோ சொல்லிவிடுகிறோம். வீட்டில் பூனை இருக்கு. எனக்குத் தம்பி இருக்கான். வீடு சின்னதா இருக்கு. நாங்க மன்னார்குடியில இருக்கோம். ஆங்கிலத்தில் முதலாவது "தேர் இஸ்", இரண்டாவது "ஐ ஹாவ்", மூன்றாவது "இஸ்", நாலாவது "லிவ்". நம் பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். அதுபோலவே நாம் "கட்டிலுக்கு அடியில்" என்று கட்டிலை முதலில் சொல்கிறோம். ஆங்கிலம் "அண்டர் த காட்" என்று இடத்தை முதலில் சொல்கிறது. இந்த வேறுபாடுகளைப் பழக வீட்டைவிட நல்ல பாடம் இல்லை. ஆனால் அது பிள்ளை கண்ணால் பார்த்த கட்டிலாக, தேடிக் கண்டுபிடித்த பூனையாக இருக்க வேண்டும்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. நியூசிலாந்தில் மாவோரிக் குழந்தைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்த சில்வியா ஆஷ்டன் வார்னர், ஒவ்வொரு குழந்தையிடமும் அதற்கு வேண்டிய சொல்லைக் கேட்டு, அதை அட்டையில் எழுதிக் கையில் கொடுத்தார். அந்த அனுபவத்தை எழுதிய 'டீச்சர்' என்ற புத்தகம் 1963இல் வந்தது. தன் வாழ்க்கையிலிருந்து எடுத்த சொல் குழந்தைக்கு மறப்பதில்லை என்பதுதான் அவர் கண்டது.

"அப்படியானால் சிம்னியும் இக்ளூவும் தெரியவே வேண்டாமா? பிள்ளை வெளியுலகத்தை எப்படி அறியும்?" என்று என் மருமகனே கேட்டார். நியாயமான கேள்வி. தெரியட்டும். தன் வீட்டைச் சொல்லத் தெரிந்த பிள்ளை, குளிர் நாட்டில் ஏன் வீட்டுக்குள் நெருப்பு மூட்டுகிறார்கள், புகை எப்படி வெளியே போகும் என்று தானே கேட்கும். அப்போது சிம்னி தானாக வந்து சேரும். வரிசைதான் முக்கியம்.

இன்னொன்றில் மட்டும் எனக்குச் சமாதானம் கிடையாது. பாடப்புத்தகங்களில் "கச்சா ஹவுஸ்", "பக்கா ஹவுஸ்" என்று பிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். எதனால் கட்டிய வீடு என்று சொல்லும்வரை சரி. மண்ணால், கீற்றால், செங்கல்லால். "மேட் ஆஃப்" என்ற தொடரைக் கற்பிக்க அருமையான இடம். ஆனால் இது நல்ல வீடு, அது மட்டமான வீடு என்று அது வகுப்பில் மாறினால், கீற்று வீட்டுப் பிள்ளை அந்த நிமிஷமே வாயை மூடிக்கொள்ளும். பிறகு எந்த மொழியும் அதற்கு வராது. ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களுக்குச் சொல்கிறேன்: உன் வீட்டில் எத்தனை அறை என்று வகுப்பில் கேட்காதீர்கள். உன் வீட்டில் உனக்குப் பிடித்த இடம் எது என்று கேளுங்கள். ஓர் அறை வீட்டுப் பிள்ளைக்கும் அதற்குப் பதில் இருக்கும்.

திண்ணைக்கு ஆங்கிலத்தில் என்ன என்று பல பேர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். அதற்கும் ஒரு சொல் இருந்தது. போர்த்துக்கீசியம் வழியாக வந்த "பயால்". நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களை அன்றைய ஆங்கிலேயர் "பயால் ஸ்கூல்" என்றுதான் எழுதினார்கள். "பங்களா", "வராண்டா" இரண்டும் இந்தியாவிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள். நம் வீடுகளைப் பார்த்து அவர்கள் சொல் தேடியிருக்கிறார்கள். நம் பிள்ளை மட்டும் அவர்கள் வீட்டைப் பார்த்தே ஏன் தொடங்க வேண்டும்? பிள்ளை "திண்ணை" என்றே ஆங்கில வாக்கியத்தில் எழுதினாலும் நான் தப்பு போடமாட்டேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். சாவியை எங்காவது ஒளித்துவைத்து "வேர் இஸ் த கீ?" என்று கேளுங்கள். இன், ஆன், அண்டர், பிஹைண்ட் என்ற நாலு சொல் போதும். அடுத்த முறை பிள்ளை ஒளிக்கட்டும், நீங்கள் தேடுங்கள். பிறகு உங்கள் சிறுவயது வீட்டைப் பற்றி "தேர் வாஸ்" என்று தொடங்கிச் சொல்லுங்கள். கிணறு, அம்மி, குதிர், தொழுவம். ஆங்கிலச் சொல் தெரியாவிட்டால் தமிழிலேயே சொல்லுங்கள்.

என் மாணவர்களே, நீங்களும் கீழே 3 வாக்கியம் எழுதுங்கள், நீங்கள் பிறந்து வளர்ந்த வீட்டைப் பற்றி. ஆங்கிலமோ தமிழோ, எதுவானாலும் சரி. மதிப்பெண் போடமாட்டேன். அந்தப் பையன் இதைப் படிக்க நேர்ந்தால் ஒன்று சொல்ல வேண்டும் தம்பி: அந்த 5 மதிப்பெண்ணை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். 11 மரத்துக்கு என்ன கொடுத்தாலும் தகும்.

அன்புடன்,
உங்கள் இங்கிலீஷ் டீச்சர்