எடைக்கல் எவர் கையில்?

கடைத்தெருவிலே தொங்கும் தராசைப் பாருங்கள். அதிலே ஏறுகின்ற எடைக்கல்லிலே அரசின் முத்திரை இருக்கிறது. பருப்பு நிறுக்கும் கல்லை ஆய்வாளர் வந்து சோதிக்கிறார். குறையிருந்தால் பறிமுதல், மோசடியென்றால் தண்டம். உப்புக்கும் புளிக்கும் இத்தனை காவல்! ஆனால், வளருகின்ற பிள்ளையின் உடலையே நிறுத்துப் பார்த்து, "நீ மிகுதி, குறைத்துக்கொள்!" என்று தீர்ப்புரைக்கும் தராசு ஒன்று இன்று கைப்பேசிக்குள்ளே குடியேறியிருக்கிறதே, அதன் எடைக்கல்லுக்கு முத்திரையிட்டவர் யார்? சோதித்தவர் யார்? தவறாக நிறுத்தால் தட்டிக் கேட்பவர்தாம் யார்?

இப்படிக் கேட்டால், "கருவியைக் கண்டு மிரளும் பழமைப்பித்தர்கள்" என்று நம்மை எள்ளி நகையாடச் சிலர் காத்திருப்பார்கள். கருவியின் மீது நமக்குப் பகையில்லை. கருவியைப் பிடித்திருக்கும் கையைத்தான் பார்க்கச் சொல்லுகிறோம்.

நோய் பொய்யன்று. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கைக் கேளுங்கள். 5 வயது முதல் 19 வயது வரையுள்ள பிள்ளைகளில் அளவுக்கு மிஞ்சிய எடையுடையோர் 1990இல் நூற்றுக்கு 8 பேர். 2022இல் நூற்றுக்கு 20 பேர்! உலகெங்கும் 39 கோடிக்கு மேல். அவர்களிலே 16 கோடிப் பேர் உடற்பருமன் என்னும் நோய்க்கே ஆளானவர்கள். முப்பதே ஆண்டுகளில் உலகத்துப் பிள்ளைகளெல்லாம் ஒன்றுகூடிப் பெருந்தீனிக்காரர்களாகி விடுவோம் என்று தீர்மானம் போட்டார்களா? இல்லை! பள்ளி வாயிலிலே சர்க்கரை நீர் வந்தது; வீட்டுக் கூடத்திலே விளம்பரம் வந்தது; ஆடித் திரிந்த திடல் மனையாயிற்று; நடந்து போன வழி வண்டிப்பாதையாயிற்று. ஊரே மாற்றப்பட்டது; உடல் மாறியது. ஆனால் குற்றவாளிக் கூண்டிலே ஏற்றப்படுபவர் யார்? பதின்மூன்று வயதுப் பெண். பதினைந்து வயதுப் பையன்!

அமெரிக்க நாட்டிலே நடந்த ஒரு கதை இதனைத் தெளிவாக்கும். எடை குறைப்பதையே வணிகமாக நடத்திவரும் வெயிட் வாட்சர்ஸ் நிறுவனம், 2018இல் கர்போ என்ற செயலியை விலைக்கு வாங்கி, 2019 ஆகஸ்டில் தன் பெயரோடு சந்தைக்குக் கொணர்ந்தது. யாருக்காக? 8 வயது முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளுக்காக! உண்ட உணவைப் பிள்ளை பதிவு செய்ய வேண்டும்; செயலி அதற்கு நிறம் சொல்லும். பச்சை என்றால் தாராளம், மஞ்சள் என்றால் அளவு, சிவப்பு என்றால் நில்! பயிற்சியாளர் ஒருவர் திரையிலே தோன்றிப் பேச வேண்டுமென்றால் மாதம் 69 டாலர்.

இந்த மூன்று நிற முறை மூடத்தனமானதன்று. லெனார்டு எப்ஸ்டைன் என்ற அமெரிக்க ஆய்வாளர் பல ஆண்டுகள் உழைத்து வளர்த்த முறை அது. ஆனால் அவர் கையிலே அது இருந்தபோது, பிள்ளையோடு பெற்றோரும் வந்தனர், பயின்றோர் உடனிருந்தனர், குடும்பமே பழக்கத்தை மாற்றிக்கொண்டது. வணிகர் கைக்கு வந்ததும், குடும்பத்தின் பணி குழந்தையின் தலையிலே ஏறியது. மெலிந்த சிறுவர்களின் முன்னைப் படமும் பின்னைப் படமும் விளம்பரமாயின. பல்லாயிரம் பேர் கையொப்பமிட்டுக் கண்டித்தார்கள். சோற்றைச் சிவப்பென்று அஞ்சப் பழகும் பிள்ளை, பசியையே பகையாக எண்ணும் கொடிய நோய்க்கு ஆளாகக்கூடும் என்று அந்நோயை அறிந்த மருத்துவர்கள் எச்சரித்தார்கள்.

பின்னர் நடந்ததென்ன? 2022 மார்ச் மாதத்தில் அந்நாட்டுக் கூட்டாட்சி வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. 13 வயது நிறையாத பிள்ளைகளின் விவரங்களைப் பெற்றோருக்கு முறையாக அறிவித்து இசைவு பெறாமலே திரட்டினார்கள் என்பது குற்றச்சாட்டு. அதைத் தடுக்கும் சட்டமோ 1998இலேயே இயற்றப்பட்டது! 15 லட்சம் டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. "திரட்டிய விவரங்களை அழித்துவிடு, அவற்றைக் கொண்டு சமைத்த கணிப்பு நெறிகளையும் அழித்துவிடு" என்பது ஆணை. அதே ஆண்டிலே அந்தச் செயலியின் கதையும் முடிந்தது. எடை குறைந்த பிள்ளைகள் எத்தனை பேரோ. ஆனால் எட்டு வயதுப் பிள்ளை எதைத் தின்றது, எவ்வளவு எடை இருந்தது என்ற செய்தி ஒரு வணிக நிறுவனத்தின் பெட்டகத்திலே சரக்காகிக் கிடந்தது!

இன்னொரு கதையும் உண்டு. இது இளையோருக்கு மட்டுமே உரியதன்று என்றாலும் படிப்பினை ஒன்றே. உணவை வெறுத்து உருக்குலைவோருக்கு உதவ அமைந்த அமெரிக்கத் தேசியச் சங்கமொன்று, இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தொலைபேசி உதவி நிலையம் நடத்தி வந்தது. சில ஊழியர்களும் பல தொண்டர்களும் அழுகுரலுக்குச் செவி கொடுத்தார்கள். 2023இல் அந்த ஊழியர்கள் தொழிற்சங்கம் அமைக்க வாக்களித்தார்கள். சில நாட்களிலே, உதவி நிலையம் மூடப்படும் என்ற செய்தி வந்தது! பெருகிவரும் பொறுப்பைச் சுமக்க முடியவில்லை என்றது நிர்வாகம். மனிதர் போயினர், டெஸ்ஸா என்ற பேசும் பொறி நின்றது. அந்தப் பொறி தந்த அறிவுரை என்ன தெரியுமா? நாள்தோறும் 500 முதல் 1,000 கலோரி வரை குறைத்துக்கொள். வாரந்தோறும் எடை பார்த்துக்கொள்! பட்டினியால் சாகும் நோய்க்குப் பட்டினியே மருந்து! மே மாத இறுதியில் பொறியையும் நீக்கினார்கள்.

அப்படியானால் இணையமே வேண்டாமா? வேண்டும், தோழர்களே! மருத்துவமனை தொலைவிலிருக்கும் சிற்றூர்ப் பிள்ளையிடம் மருத்துவரைத் திரைவழியே கொண்டுசேர்க்க முடியுமென்றால், அது பெரும்பேறு. காத்திருப்போர் கூடத்திலே பத்துப் பேர் முன்னிலையில் கேட்க நாணும் கேள்வியைப் பிள்ளை தனியே கேட்க முடியுமென்றால், அதுவும் நன்றே. ஆனால், அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2023இல் வகுத்த நெறியைப் பாருங்கள். 3 முதல் 12 மாதங்களுக்குள், 26 மணி நேரமோ அதற்கு மேலோ, குடும்பத்தோடு நேருக்கு நேர் வழங்கும் துணையே பயனளிக்கும் என்கிறது. 26 மணி நேரம் மனிதர் தரவேண்டிய துணையை ஒரு சிவப்பு விளக்கு தந்துவிடுமா? மனிதரின் கையை நீட்டிக் கொடுப்பது கருவி. மனிதரை வெட்டிவிட்டு அவரிடத்திலே அமர்ந்தால், அது கருவியன்று, கண்கட்டு வித்தை!

ஆகவே நாம் கேட்பவை மூன்று.

ஒன்று, பிள்ளையின் எடையைத் தொடும் எந்தச் செயலிக்குப் பின்னாலும் பெயர் சொல்லி விடையளிக்கும் மருத்துவரும் பொது மருத்துவ அமைப்பும் இருக்க வேண்டும்.

இரண்டு, பிள்ளையின் உடற்செய்தி சரக்காகக் கூடாது. நம் இந்திய நாட்டிலே 2023இல் நிறைவேறிய தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்கிறது. பிள்ளைகளைப் பின்தொடர்ந்து கண்காணித்தலும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்தலும் ஆகாது என்கிறது. சில விலக்குகளும் உண்டு. ஏட்டிலே எழுதியது கல்லிலே முத்திரையாக விழவேண்டும். விலக்கு வாயிலாகிவிடக் கூடாது.

மூன்று, பிள்ளையைத் திருத்துமுன் ஊரைத் திருத்த வேண்டும். சிலி நாடு 2016இல் வழி காட்டிற்று. சர்க்கரையும் உப்பும் கொழுப்பும் மிகுந்த பண்டத்தின் மேலே கறுப்பு எண்கோண எச்சரிக்கை. அத்தகைய பண்டத்துக்குப் பள்ளிக்குள்ளே இடமில்லை. 14 வயதுக்குட்பட்டோரைக் குறிவைக்கும் விளம்பரத்துக்குத் தடை. அங்கே சிவப்பு விளக்கு பிள்ளையின் கையிலே கொடுக்கப்படவில்லை. வணிகரின் பொட்டலத்தின் மீது ஏற்றப்பட்டது!

இவை அரசு செய்யவேண்டியவை. நாம் செய்யவேண்டியதும் ஒன்றுண்டு. தெருவிலே, திண்ணையிலே, ஏன், நம் படிப்பகத்திலேயே, பருத்த பிள்ளையைப் பார்த்துக் "குண்டு" என்று பெயரிட்டுச் சிரிக்கும் வாய் நம்முடையதாகவும் இருக்கிறது. எடையைப் பற்றிய பேச்சைக் குறையுங்கள், குடும்பத்தோடு கூடி உண்ணுங்கள் என்று அதே மருத்துவக் கழகம் 2016இலேயே அறிவுறுத்தியது. நாம் சிரித்த சிரிப்புக்கு அஞ்சித்தான், அந்தப் பிள்ளை நள்ளிரவிலே போர்வைக்குள் கைப்பேசியைத் திறந்து, முகமறியாத வணிகனிடம் தன் எடையைச் சொல்லுகிறது!

அந்தப் போர்வையை விலக்குங்கள். பக்கத்திலே அமருங்கள். கேளுங்கள். எடைக்கல்லை வணிகர் கையிலிருந்து வாங்குவோம். முத்திரையிட்டு, மருத்துவர் கையிலும் மக்கள் கையிலும் சேர்ப்போம். பருப்புக்கு உண்டு காவல், பிள்ளைக்கு இல்லையா?