காது ரெண்டுதானே சாமி!

போன வாரம் ராத்திரி, விழிஞ்ஞம் வீட்டு மொட்டை மாடி. பத்தாவது படிக்கும் மகள் தன் ஹெட்போனை என் தலையில் மாட்டி, "அப்பா, ஸ்பேஷியல் ஆடியோ! கேட்டுப் பாருங்க" என்றாள். நான் பி.காம். படித்த காலத்தில் கேசட் தேயத் தேயக் கேட்ட ராஜா பாட்டு. இடது காதில் இருந்த கிடார் பின்மண்டைக்குப் போயிருந்தது. வயலின்கள் உச்சந்தலையில். பாடுகிறவர் பக்கத்து அறையில்!

"சூப்பர்ல?" என்றாள். எனக்கு வயிறு எரிந்தது.

டால்பி அட்மாஸை நான் திட்டவில்லை சாமி. 2012-ல் தியேட்டருக்கு வந்தது. அங்கே கூரையிலும் ஸ்பீக்கர் உண்டு. படத்தில் மழை பெய்தால் தலைமேலேயே பெய்யும். ஹெட்போனில் இருப்பது ரெண்டே ஸ்பீக்கர். மேலே, பின்னே என்பதெல்லாம் பெரும்பாலும் பொதுவான ஒரு மண்டை, பொதுவான ஒரு காதுமடலை வைத்துப் போடும் கணக்கு. ரெடிமேட் சட்டை மாதிரி. சிலருக்குப் பொருந்தும், சிலருக்குத் தொளதொள.

ஸ்டீரியோவும் ரெண்டு சேனல்தான். ஆனால் எந்த வாத்தியம் எந்தப் பக்கம் என்பதை, பாட்டை உருவாக்கியவர்களே உட்கார்ந்து முடிவு செய்தார்கள். 1978-ல் 'ப்ரியா' பாடல்கள் ஸ்டீரியோவில் வந்ததே பெரிய விஷயம். 1980-ல் ஜேசுதாஸ் தரங்கிணி ஸ்டுடியோவை ஆரம்பித்தது இதே திருவனந்தபுரத்தில்தான். அந்த உழைப்பை, தனித்தனி டிராக் கிடைக்காத இடத்தில் மென்பொருளை விட்டுப் பிய்த்து, அறை முழுக்க இறைப்பது என்ன நியாயம்?

ஸ்டீரியோ ஹெட்போனில் மண்டைக்குள்ளேயே ஒலிக்கும், புதுசு வெளியே விரியும். ஒப்புக்கொள்கிறேன். அட்மாஸுக்கென்றே உருவாக்கிய பாட்டை அப்படியே கேளுங்கள். ஆனால் பேங்க்கில் பழைய லெட்ஜரில் தப்பிருந்தால்கூட அழித்து எழுத மாட்டோம். தனியாக ஒரு என்ட்ரி போடுவோம். இங்கே தப்பே இல்லாத லெட்ஜர் மேல் ஒயிட்னர் பூசுகிறார்கள். அதுவும் கேட்காமலே!

ஊரை விட்டு வந்த நாம் பிள்ளைகளுக்குக் கொடுக்கப்போவது நிலபுலன் இல்லை, இந்தப் பாட்டுகள்தான். அதன் மூலப் பத்திரத்தையாவது திருத்தாமல் கொடுக்க வேண்டாமா?

செட்டிங்ஸில் போய் அதை அணைத்தேன். வால்யூமைச் சமமாக வைத்து (சத்தம் கூடினது எப்பவும் நல்லாயிருக்கிற மாதிரி ஏமாற்றும்) அவளையே ரெண்டையும் கேட்கச் சொன்னேன்.

"அது பெருசா இருக்கு... இது பக்கத்துல இருக்குப்பா."

உங்கள் வீட்டிலும் ஒருமுறை இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள் மக்களே.