தராசு உள்ளே! தரகர் வாசலில்!

ஒரு நெல் மண்டியை நினைத்துப் பாருங்கள். சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் அந்த ஒரே மண்டிதான். தராசு பூட்டிய அறைக்குள் இருக்கிறது. எடைக்கல் எவ்வளவு, கழிவு எவ்வளவு என்று எவரும் எட்டிப் பார்க்கக் கூடாது. "முதல் தரம்", "கடைசித் தரம்" என்று உள்ளிருந்து குரல் மட்டும் வரும். வாசலிலோ தரகர் கூட்டம்! "மூட்டையை இப்படிச் சாய்த்து வை, முதல் தரம் கிடைக்கும், எனக்கு இவ்வளவு கொடு" என்று விவசாயியின் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். தரகர்களுக்கென்று தனிப் பத்திரிகை. தரகர்களுக்கென்று ஆண்டுதோறும் மாநாடு. அந்த மாநாட்டு மேடையில் ஏறி உபதேசம் செய்பவர் யார்? மண்டிக்காரரின் கணக்குப்பிள்ளை!

இப்படி ஒரு மண்டி இருந்தால் நாம் என்ன கேட்போம்? மூட்டையைச் சாய்த்து வைக்கும் வித்தையையா? "தராசை வெளியே கொண்டு வா!" என்றுதான் கேட்போம்.

இன்று உலகத்தின் பெரும்பகுதிக்குச் செய்தியும் அறிவும் இப்படி ஒரே மண்டி வழியாகத்தான் வருகின்றன. அதன் பெயர் கூகுள். வாசலில் நடக்கும் தொழிலுக்கு எஸ்.இ.ஓ. என்று பெயர். அதாவது, தேடுபொறியில் முன்வரிசை பிடித்துக் கொடுக்கும் தொழில்.

"நூல் நூற்கிறவனுக்கும் நாற்று நடுகிறவளுக்கும் இதனால் என்ன?" என்று சிலர் கேட்கலாம். நிறைய இருக்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கைப்பேசியில் தேடுகிறோம். பயிரில் பூச்சி விழுந்தால் தேடுகிறோம். கடன் வேண்டும், வேலை வேண்டும் என்றாலும் தேடுகிறோம். நம் கேள்விக்குப் பதில் சொல்ல லட்சக்கணக்கான பக்கங்கள் இருக்கின்றன. கண்ணில் படுவதோ முதல் ஐந்து அல்லது பத்து. அந்தப் பத்தை வரிசைப்படுத்துகிறவன் எவனோ, அவன்தான் நம் காதில் எது விழவேண்டும் என்று தீர்மானிக்கிறான்.

எழுதியது ஒன்று, செய்தது வேறு

இந்த மண்டி எப்படிப் பிறந்தது? அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்தில் லாரி பேஜ், செர்ஜி பிரின் என்று இரண்டு மாணவர்கள். அவர்களுடைய ஆராய்ச்சிக்கு அமெரிக்க சர்க்காரின் தேசிய விஞ்ஞான நிறுவனம் உதவியது. அதாவது, வரி கொடுத்த ஜனங்களின் பணம் உதவியது. அவர்கள் கண்ட யோசனை நல்ல யோசனைதான். ஒரு பக்கத்தை மற்ற எத்தனை பக்கங்கள் சுட்டிக் காட்டுகின்றன என்று எண்ணு. ஒவ்வொரு சுட்டும் ஒரு ஓட்டு. மதிப்புள்ள பக்கத்தின் ஓட்டுக்கு மதிப்பு அதிகம் என்பது அந்த யோசனை.

1998ல் அவர்கள் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையில் இன்னொரு விஷயமும் இருந்தது. விளம்பரப் பணத்தில் ஓடும் தேடுபொறி விளம்பரக்காரன் பக்கம்தான் சாயும், தேடுகிற ஜனங்களின் தேவையை விட்டு விலகும் என்று அவர்களே எச்சரித்திருந்தார்கள்! அதே ஆண்டு செப்டம்பரில் கம்பெனி தொடங்கினார்கள். 2000 அக்டோபரில் தேடும் சொற்களுக்கு விளம்பரம் விற்கும் கடையைத் திறந்தார்கள். 2024ஆம் ஆண்டில் தேடல் தொழிலில் மட்டும் வந்த வருமானம் சுமார் 19,800 கோடி டாலர். தாய்க் கம்பெனியான ஆல்பபெட்டின் நிகர லாபம் சுமார் 10,000 கோடி டாலர். மாணவனாக இருந்தபோது எழுதிய எச்சரிக்கை முதலாளியானதும் மறந்துவிட்டது!

"எங்கள் சரக்கு நல்ல சரக்கு, அதனால்தான் ஜனங்கள் வருகிறார்கள்" என்கிறார்கள். அப்படியானால் வழியை ஏன் விலைக்கு வாங்கினார்கள்? கைப்பேசியைத் திறந்தால் தங்கள் தேடுபொறியே முதலில் நிற்க வேண்டும் என்பதற்காக 2021ல் ஒரே ஆண்டில் பிற கம்பெனிகளுக்குக் கொடுத்த தொகை 2,630 கோடி டாலர். ஆப்பிள் கம்பெனிக்கு மட்டும் 2022ல் 2,000 கோடி டாலர். இவை அமெரிக்கக் கோர்ட்டில் வெளிவந்த கணக்குகள். 2024 ஆகஸ்டு 5ஆம் தேதி நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பளித்தார்: கூகுள் ஏகபோகம்தான், அதைச் சட்ட விரோதமாகக் காப்பாற்றி வந்திருக்கிறது. பரிகாரம் என்ன? 2025 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. குரோமை விற்க வேண்டியதில்லை; முதலிடத்துக்குப் பணம் கொடுப்பதும் தொடரலாம்; "எனக்கு மட்டும்தான் இடம்" என்று ஒப்பந்தம் போடக்கூடாது, தேடல் விவரங்களில் ஒரு பகுதியைப் போட்டிக் கம்பெனிகளுக்குக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். குற்றம் மலை, தண்டனை கடுகு!

நம் நாட்டிலும் 2018 பிப்ரவரியில் போட்டி ஆணையம் தேடல் வரிசையில் பாரபட்சம் காட்டியதற்காக இந்தக் கம்பெனிக்குச் சுமார் 136 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. புகார் கொடுத்தவர்களில் ஒன்று சென்னையைச் சேர்ந்த திருமணத் தகவல் கம்பெனி.

தரகுத் தொழிலின் லட்சணம்

எஸ்.இ.ஓ. வேலை முழுவதுமே பித்தலாட்டம் என்று நாம் சொல்லவில்லை. பக்கம் சீக்கிரம் திறக்க வேண்டும், தலைப்பு தெளிவாக இருக்க வேண்டும், கண் தெரியாதவருக்கும் பயன்பட வேண்டும் என்று பாடுபடுவது நேர்மையான கைத்தொழில். அதைச் செய்கிறவர்களில் பெரும்பாலோர் சம்பளத்துக்கு உழைக்கும் இளைஞர்கள். நம் சண்டை அவர்களோடு அல்ல.

ஆனால் சுட்டுதான் ஓட்டு என்றால், ஓட்டை விலைக்கு வாங்குகிறவன் வராமல் இருப்பானா? வந்தான். ஜே.சி. பென்னி என்பது அமெரிக்காவின் பெரிய கடைக் கம்பெனி. உடை, படுக்கை விரிப்பு, கம்பளம் என்று எதைத் தேடினாலும் மாதக்கணக்கில் அதுவே முதலில் வந்தது. சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களில் அதற்குச் சுட்டுகள் நடப்பட்டிருந்ததை 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை அம்பலப்படுத்தியது. "எங்களுக்குத் தெரியாது" என்றது கம்பெனி. தரகுக் கம்பெனியை வேலை நீக்கம் செய்தது. வரிசையில் பின்னுக்குத் தள்ளப்பட்ட கடை, சில மாதங்களில் மீண்டும் முன்னுக்கு வந்தது. அதற்கு முன் 2006ல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கார் கம்பெனியும் வேறொரு தந்திரம் செய்து பிடிபட்டது; சில நாட்களிலேயே திரும்பிவிட்டது.

பெரியவனுக்குச் சில நாள் தண்டனை. சின்னவனுக்கு? 2022 ஆகஸ்டிலும் 2023 செப்டம்பரிலும் "பயனுள்ள உள்ளடக்கம்" என்ற பெயரில் தராசைத் திருத்தினார்கள். சமையல், பயணம், வீட்டுப் பொருள் பற்றித் தாங்களே பார்த்துச் செய்து எழுதிவந்த சிறு வெளியீட்டாளர் பலரின் வாசகர் கூட்டம் ஒரே மூச்சில் கரைந்தது. என்ன குற்றம் என்று ஒரு வரிக் கடிதமும் வரவில்லை. 2024 அக்டோபரில் அவர்களில் சுமார் இருபது பேரைத் தலைமையகத்துக்கு அழைத்தார்கள். குறை கேட்டார்கள், அனுதாபம் காட்டினார்கள். இழந்த இடம் திரும்பும் என்று வாக்குறுதி மட்டும் கொடுக்கவில்லை. ஆட்குறைப்புக்குப் பிறகு மானேஜர் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுக்கும் கதை நமக்குத் தெரியாததா?

பத்திரிகை யாருடையது?

இந்தத் தொழிலுக்குப் பத்திரிகைகள் உண்டு. அவற்றில் செய்தி என்ன? "இன்று தராசு ஆடியது, நாளையும் ஆடலாம்." வானிலை அறிக்கை போல வாரந்தோறும் இதே பாட்டு. மழை மனிதன் கையில் இல்லை. தராசோ மனிதன் கையில் இருக்கிறது! அதை ஆட்டுகிறவன் யார், எதற்காக ஆட்டுகிறான் என்று கேட்பதை விட்டு, ஆட்டத்துக்கு ஏற்பக் குனிவது எப்படி என்று பாடம் நடத்துவதுதான் அங்கே பெரும்பாலான செய்தி.

இந்தத் துறைப் பத்திரிகைகளின் முன்னோடி டேனி சல்லிவன். 1990களிலேயே தேடுபொறிகளைக் கவனித்து எழுதியவர். 2006ல் சர்ச் எஞ்சின் லேண்ட் பத்திரிகையை நிறுவியவர்களில் ஒருவர். 2017ல் அவர் கூகுள் கம்பெனியிலேயே, தேடலுக்கும் வெளியுலகுக்கும் இடையே பேசுகிறவராக உத்தியோகத்தில் சேர்ந்தார். அவருடைய நேர்மையை நாம் சந்தேகிக்கவில்லை. ஆனால் தராசைக் கண்காணித்தவரையே தராசுக்காரன் சம்பளத்துக்கு அமர்த்த முடிகிறது என்றால் பலம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று புரியவில்லையா?

அந்தப் பத்திரிகையை நடத்திய கம்பெனியை 2024ல் செம்ரஷ் வாங்கியது. முன்வரிசை பிடிக்கும் கருவிகளை விற்பதுதான் செம்ரஷின் தொழில். அந்தச் செம்ரஷையே 190 கோடி டாலருக்கு வாங்கப் போவதாக 2025 நவம்பரில் அடோபி கம்பெனி அறிவித்தது. சிறிய மீனைப் பெரிய மீன் விழுங்குகிறது. செய்தியும் கூடவே வயிற்றுக்குள் போகிறது.

கை குலுக்கலும் கை கோத்தலும்

பத்திரிகைக்கு அடுத்தது மாநாடு. அங்கே "நெட்வொர்க்கிங்" என்ற மந்திரம் ஓதப்படுகிறது. கட்டணம் கட்டி உள்ளே போ, சீட்டை நீட்டு, கை குலுக்கு, நாலு பெரிய மனிதரைத் தெரிந்து வைத்துக்கொள், உன் பிழைப்பு உன் சாமர்த்தியம். மாநாடு முடிந்தால் லிங்க்டின் பக்கத்தில் தொடரலாம். அந்தப் பக்கம் யாருடையது? 2016ல் 2,620 கோடி டாலர் கொடுத்து வாங்கிய மைக்ரோசாப்டுடையது. இன்னொரு தேடுபொறியான பிங்கும் அதே மைக்ரோசாப்டுடையதுதான்!

மனிதருக்கு மனிதர் தொடர்பு நல்லதுதான். வேலை போன இளைஞனுக்கு நண்பன் ஒருவன் வேலை சொல்லிவிடுவதை யார் குறை சொல்வார்? ஆனால் ஒவ்வொருவனும் அடுத்தவனை முந்துவதற்காகக் கை குலுக்கினால் தராசுக்காரனுக்கு என்ன நஷ்டம்? ஆயிரம் பேர் கை குலுக்கினால் அது கூட்டம். ஆயிரம் பேர் கை கோத்தால் அது சங்கம்.

கை கோத்தவர்கள் அந்த மண்டிக்குள்ளேயே இருக்கிறார்கள். தேடல் முடிவுகள் சரியா, தவறா என்று பார்த்து மதிப்பெண் போட உலகம் முழுவதும் பதினாயிரம் பேருக்கு மேல் மதிப்பீட்டாளர்கள் உழைக்கிறார்கள். நூற்றைம்பது பக்கத்துக்கு மேல் நீளும் விதிப்புத்தகம் அவர்கள் கையில். இயந்திரம் தானாகவே அறிந்து சொல்கிறது என்று நாம் நம்புகிறோமே, அதற்குப் பின்னால் இந்த மனிதக் கண்கள் இருக்கின்றன. ஆனால் பெரும்பாலோர் ஒப்பந்தக் கம்பெனிகளின் ஆட்கள். தன் ஒப்பந்தத் தொழிலாளருக்கு மணிக்கு குறைந்தது 15 டாலர் என்று 2019ல் கூகுள் பெருமையாக அறிவித்தது. இவர்களோ "பகுதி நேரம்" என்று சொல்லி ஒதுக்கப்பட்டார்கள். மணிக்கு 10 டாலர் அளவிலேயே பலர் வைக்கப்பட்டார்கள். பதிலி, கேஷுவல் என்று வைத்து வேலை வாங்கும் ஆலை முதலாளியின் அதே சூத்திரம்!

2021 ஜனவரியில் ஆல்பபெட் தொழிலாளர் சங்கம் பிறந்தது. மதிப்பீட்டாளர்கள் அதோடு சேர்ந்து குரல் கொடுத்தார்கள். 2023 ஜனவரியில் கூலி 14 டாலரைத் தொட்டது. அடுத்த மாதமே "15 எங்கே?" என்று மனுவோடு தலைமையகத்துக்குப் போனார்கள். 2024 ஜனவரியில், அவர்களில் பலர் வேலை பார்த்த ஆப்பென் என்ற ஒப்பந்தக் கம்பெனியோடு இருந்த உறவையே ஆல்பபெட் முறித்துக்கொண்டது. போராட்டம் முடிந்துவிடவில்லை. ஆனாலும் அந்த நாலு டாலரை வாங்கித் தந்தது எந்த மாநாட்டுக் கை குலுக்கலும் அல்ல.

நெல்லும் போகிறது

இப்போது மண்டிக்காரன் அடுத்த அடி வைத்திருக்கிறான். 2024 மே மாதம் அமெரிக்காவிலும், ஆகஸ்டில் இந்தியாவிலும், செயற்கை அறிவு தயாரித்த பதிலைத் தேடல் பக்கத்தின் உச்சியில் வைக்கத் தொடங்கினார்கள். விவசாயியின் நெல்லைக் குத்தித் தானே சோறாக்கி வாசலில் பரிமாறுகிறான். சோறு கிடைத்தவன் விவசாயியைத் தேடிப் போவானா? எழுதினவனுக்கு வாசகனும் இல்லை, வருமானமும் இல்லை. தரகர்களோ அதற்குள் புதுப் பலகை மாட்டிவிட்டார்கள்: எஸ்.இ.ஓ. போய், ஜி.இ.ஓ.வாம்! சோற்றில் உங்கள் நெல்லின் பெயர் வரவைப்பார்களாம்!

"தராசைத் திறந்து காட்டினால் ஏமாற்றுக்காரன் இன்னும் ஏமாற்றுவான்" என்று வாதிக்கிறார்கள். பூட்டிவைத்த இத்தனை ஆண்டும் ஏமாற்றுக்காரன் சும்மாவா இருந்தான்? ஒவ்வொரு திருகாணியையும் கழற்றிக் காட்டு என்று யாரும் கேட்கவில்லை. ஐரோப்பாவில் 2020 ஜூலை முதல், வரிசையைத் தீர்மானிக்கும் முக்கிய அளவுகோல்களை வெளியிட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. வானம் இடிந்து விழுந்துவிடவில்லை.

நாம் கேட்பது நியாயமான கோரிக்கை. அளவுகோல் வெளியே தெரிய வேண்டும். ஒரு பக்கத்தைத் தள்ளினால் எழுத்து மூலம் காரணம் சொல்ல வேண்டும். மேல்முறையீடு கேட்கப் பொது அமைப்பு வேண்டும். காசு வாங்கி வைத்த பதில் எது, தானாக வந்த பதில் எது என்று எழுதப் படிக்கத் தடுமாறுகிறவருக்கும் விளங்கும்படி பிரித்துக் காட்ட வேண்டும். மதிப்பீட்டாளரை நேரடி வேலையாளாக்க வேண்டும். எழுத்தாளனின் நெல்லை எடுத்தால் விலை கொடுக்க வேண்டும்.

எஸ்.இ.ஓ. தொழிலில் உழைக்கும் இளைஞர்களுக்கும் நாம் சொல்கிறோம்: வாசலில் நின்று மூட்டை சாய்க்கும் வித்தையை ஒருவருக்கொருவர் விற்றது போதும். தராசு எப்படி ஆடுகிறது என்பதை உங்களைவிட அறிந்தவர் வெளியே யாருமில்லை. 2024 மே மாதத்தில் கூகுளின் உள் ஆவணங்கள் வெளிவந்தபோது அவற்றைப் படித்து உலகத்துக்கு விளக்கியவர்கள் உங்கள் துறைக்காரர்களே. அந்த அறிவோடு ஜனங்கள் பக்கம் வந்து நில்லுங்கள்.

தோழர்களே! அடுத்த முறை கைப்பேசியில் எதையாவது தேடும்போது, முதலில் வந்து நிற்பதைப் பார்த்து ஒரு கேள்வி கேளுங்கள்: உன்னை இங்கே நிறுத்தியது யார்? எடைபோடும்போது தராசைப் பார்க்காமல் பணம் வாங்கிக்கொண்டு போகிற வழக்கம் நமக்கு என்றைக்கும் இருந்ததில்லை. இங்கே மட்டும் ஏன் இருக்க வேண்டும்?